தரையில் நிற்பவரின் அமானிதம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா திண்ணையில் அமர்ந்திருந்தேன். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் தாயாருடன் வந்தார். இந்திய விமானப் படையின் தொழில்நுட்பப் பிரிவில் சேர அவருக்கு அழைப்பு வந்திருந்தது. ஆனால் இருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை.

"ஹஜ்ரத், மகன் விமானம் ஓட்டப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது தரையில் நின்று திருப்புளி பிடிக்கும் வேலை என்கிறார்கள். இதற்கு இவனை அனுப்பத்தான் வேண்டுமா?" என்று அந்தத் தாய் வருந்தினார்.

நான் கடற்கரையைக் காட்டினேன். நம் கட்டுமாவடியில் கடலுக்குள் செல்பவர் சிலர். வலை பின்னுபவரும் எஞ்சின் பழுது பார்ப்பவரும் கரையிலேயே நிற்கிறார்கள். கரையில் கவனியாமல் விட்ட குறை நடுக்கடலில்தான் தன்னைக் காட்டும். படகாவது உதவி வரும்வரை மிதந்துகொண்டிருக்கும். வானத்தில் நின்று காத்திருக்க இடமேது?

அன்பு வாசகர்களே! நமக்கு அண்மையிலுள்ள தஞ்சாவூர் விமானப் படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 ரகப் போர் விமானங்களின் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. அவ்விமானத்தில் அமர்ந்து செல்வோர் இருவரே. அவர்களை அனுப்பிவைக்கத் தரையில் உழைப்போரோ பலர். எஞ்சினைச் சோதிப்பவர், எரிபொருள் நிரப்புபவர், ஆயுதம் பொருத்துபவர், ராடாரைக் கண்காணிப்பவர், வானிலை கணிப்பவர், பாராசூட்டை மடித்து வைப்பவர் எனப் பட்டியல் நீளும். ஓடுபாதையைப் பெருக்கிச் சுத்தம் செய்பவரும் அதில் அடக்கம். ஒரு சிறு கல்லை எஞ்சின் உள்ளிழுத்துவிட்டால் போதும், அதன் சுழல் தகடுகள் சிதைந்துவிடும். தொழில்நுட்பர் பதிவேட்டில் கையொப்பமிட்ட பிறகே விமானி விமானத்தை ஏற்றுக்கொள்கிறார். அந்தக் கையொப்பத்தை நம்பியே ஒரு தாயின் பிள்ளை வானில் ஏறுகிறான்.

1971 டிசம்பர் போரில் குஜராத்தின் புஜ் தளத்து ஓடுபாதை குண்டுவீச்சில் சிதைந்தது. ஓடுபாதை இல்லையேல் சிறந்த விமானியாலும் பயனில்லை. அதைச் சீரமைத்தவர்கள் மாதாபர் கிராமத்துப் பெண்கள், சுமார் 300 பேர். அபாயச் சங்கு ஒலித்தபோது புதர்களில் பதுங்கினார்கள். ஓய்ந்ததும் மீண்டும் வேலைக்கு வந்தார்கள். 72 மணி நேரத்தில் ஓடுபாதை தயாராயிற்று. அவர்களில் ஒருவரும் விமானம் ஓட்டியவரல்லர்.

நம் கடற்கரையோரத்து இராமேஸ்வரத்தில் பிறந்த மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களும் விமானியாக விரும்பியவரே. டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், இடங்களோ எட்டுத்தான். மனம் வருந்தினார், ஆனால் ஒடிந்து போகவில்லை. 1958இல் விமானத் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்தார். 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, தம் 74ஆம் வயதில் புனேயிலிருந்து சுகோய்-30 விமானத்தில் பறந்தார். அன்றும் அவ்விமானத்தைச் சோதித்து அனுப்பியவர்கள் பெயர் தெரியாத தரைப் பணியாளர்களே.

அந்த மாணவர் பணியில் சேர்ந்தார். சென்ற முறை விடுமுறையில் வந்தபோது ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிச் சரிபார்ப்பது அங்கே விதி. ஒருநாள் இரவு தம் பெட்டியில் ஒரு சிறு திருப்புளி குறைவதைக் கண்டு, அவரே மேலதிகாரியிடம் சென்று சொல்லியிருக்கிறார். விமானம் நிறுத்தப்பட்டது. பல மணி நேரத் தேடலுக்குப் பின், இருக்கையின் அடியில் அது அகப்பட்டது.

"கண்டிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"கண்டித்தார்கள், ஹஜ்ரத். ஆனால் அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்" என்றார்.

அருகில் நின்ற தாயார் ஒன்றும் பேசவில்லை. மகனின் கையை மெல்லப் பற்றிக்கொண்டார். திருப்புளி பிடிக்கும் அந்தக் கை எத்தனை பெரிய அமானிதத்தைச் சுமக்கிறது என்பதை அவர் அறிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.