குற்றவாளி ஃபான்ட் டேக் அல்ல!

"தரத்தை மாத்தி மாத்தியே நம்ம பழைய தமிழ்ப் பக்கங்களை எல்லாம் கொன்னுட்டாங்கப்பா!" கணினி தெரிந்த பெரியவர்கள் அடிக்கடி வைக்கும் ஒப்பாரி இது. மன்னிக்கணும் மக்களே, இது பச்சைப் பொய்.

முதலில் டெப்ரகேட்டட் என்றால் என்ன? எங்கள் காமர்ஸ் வகுப்பில் பாதிப் பேர் இதை டெப்ரிஸியேஷன் (அதாங்க, தேய்மானம்) என்றே படிப்பார்கள். அது வேறு, இது வேறு. 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆனால் நோட்டு செல்லும் என்றும் சொன்னது. அதுதான் டெப்ரகேட்டட். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டுகளுக்கு நடந்ததே, அது செல்லாக்காசு.

1997 டிசம்பரில் வந்த ஹெச்.டி.எம்.எல். 4.0 ஃபான்ட் டேக், அலைன், பிஜிகலர் எல்லாவற்றையும் டெப்ரகேட்டட் ஆக்கியது. அலங்கார வேலையை சி.எஸ்.எஸ். பார்த்துக்கொள்ளும் என்பது காரணம். 2014-ல் தரமான ஹெச்.டி.எம்.எல்.5 "இனி எழுதவே கூடாது" என்றது. ஆனால் சந்தேகம் இருந்தால் இன்றைக்கே ஒரு ஃபான்ட் டேக் எழுதி உங்கள் உலாவியில் திறந்து பாருங்கள். வேலை செய்யும்! பழைய பக்கங்கள் உடையக்கூடாது என்பதில் அவர்கள் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் நம் பக்கங்கள் மட்டும் ஜிலேபி பிழிந்த மாதிரி தெரிகின்றன?

ஏனென்றால் அவற்றில் இருந்தது தமிழே இல்லை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகளை. அதன்மேல் ஃபான்ட் டேக் ஒரு தமிழ் முகமூடியை மாட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். சில இதழ்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பின. அந்த இ.ஓ.டி. கோப்பைப் படித்தது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும்தான். 2022 ஜூனில் அந்த உலாவிக்கே மைக்ரோசாஃப்ட் மூடுவிழா நடத்திவிட்டது.

அன்றைக்கு நியாயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். 1991-லேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றாலும், விண்டோஸ் 2000 வரும்வரை விண்டோஸில் அதற்கு ஆதரவு இல்லை. பிரவுசிங் சென்டரில் இருந்ததெல்லாம் விண்டோஸ் 98. அதனால்தான் டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டில் பிறந்த டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கம். அது பசிக்குச் சாப்பிட்டது. சரி.

இன்றைக்கு என்ன பசி? 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், தமிழக அரசே யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்து, அதைப் பி.டி.எஃப். ஆக்கி, இணையத்தில் ஏற்றுவதை என்னவென்று சொல்ல? கண்ணுக்குத் தமிழ். தேடினால் கிடைக்காது. வெட்டி ஒட்டினால் குப்பை. பார்வையற்ற ஒரு மாணவரின் திரைவாசிப்பான் அதை "எம் கே" என்று வாசிக்கும். அவருக்கு வரவேண்டிய உதவித்தொகை அறிவிப்பு அதற்குள் இருந்தால்? "என் சிஸ்டத்துல நல்லா தெரியுதே" என்பவர்கள் பதில் சொல்லட்டும்.

நல்லவேளை, சிலர் ஒப்பாரி வைக்காமல் வேலை பார்த்தார்கள். சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்', தகடூர் கோபியின் 'அதியமான்' மாற்றி போன்றவை இல்லையென்றால் எவ்வளவு எழுத்து மண்ணோடு போயிருக்கும்! மதுரைத் திட்டத்தார் டிஸ்கியில் செய்த நூல்களைப் பொறுமையாக யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். தகடூர், அதியமான் என்ற பெயர்களைப் பார்த்தாவது தருமபுரிக்காரர்களான நமக்கு ரோஷம் வரவேண்டாமா?

தரம் மாறும். மாறத்தான் வேண்டும். எழுத்தை எழுத்தாகவே சேமித்திருந்தால் எந்தத் தரம் வந்தாலும் அது பிழைக்கும். முகமூடியைச் சேமித்துவிட்டு உலகத்தைத் திட்டாதீர்கள். உங்களிடம் பழைய கோப்பு ஒன்றாவது இருக்கும். இந்த வாரமே மாற்றுங்கள்.