டர்போ போட்டா பிக்கப் வண்டிக்குப் பிக்கப் போயிடுமா?

"டர்போ போட்டா லோ-எண்ட் போச்சு மச்சி." மெக்கானிக்கல் பசங்க நிறைய பேர் இதைத்தான் சொல்றோம். பிக்கப் டிரக்குக்குப் பெரிய வி8 இன்ஜின்தான் சரி, சின்ன டர்போ இன்ஜின் ஹைவேயில பறக்க மட்டும்தான் லாயக்கு என்று ஒரு தீர்ப்பு. என்னைக் கேட்டால், இது பாதி உண்மை.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். டர்பைனைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் வாயு. ஐடிலிங்கை ஒட்டிய வேகத்தில் அது குறைவாகத்தான் வரும், பூஸ்ட் கிடைக்காது. அந்த நேரத்தில் 3.5 லிட்டர் டர்போ இன்ஜின் வெறும் 3.5 லிட்டர் இன்ஜின்தான். 5 லிட்டர் வி8 முன்னாடி அது நிற்காது.

இப்போ மீதிப் பாதி. 2011 மாடல் ஃபோர்டு எஃப்-150 அமெரிக்காவில் இந்த இரண்டு விதத்திலும் கிடைத்தது. வி8-க்கு 360 குதிரைத்திறன். இரட்டை டர்போ ஈகோபூஸ்ட் வி6-க்கு 365. கிட்டத்தட்ட சமம். ஆனால் டார்க்கைப் பாருங்க. வி8-ன் உச்சம் சுமார் 515 நியூட்டன் மீட்டர், 4,250 ஆர்பிஎம்மில். வி6-க்கு சுமார் 569, அதுவும் 2,500-லேயே!

கணக்குப் போடுவோம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட். 2,500-ல் வி6 தருவது 149 கிலோவாட். வி8 தன் உச்ச டார்க்கையே அங்கே கொடுத்தாலும் 135-ஐத் தாண்டாது. டிரெய்லரோட மேடு ஏறுறவருக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ஆக, லோ-எண்டைக் கெடுப்பது டர்போ இல்லை. இன்ஜினுக்குப் பொருந்தாத டர்போ. பெரிய டர்பைன் மேலே நிறைய காற்று தரும், ஆனால் சுற்ற ஆரம்பிக்க நேரமாகும். சின்னது சீக்கிரம் சுற்றும், மேலே போனால் மூச்சு முட்டும். இந்த இழுபறியைக் குறைக்கத்தான் டீசல்களில் வேன் கோணம் மாறுகிற விஜிடி வந்தது.

அதுக்காக பிரவுச்சரை அப்படியே நம்பிடாதீங்க. அதில் வரும் டார்க் கர்வ், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, பூஸ்ட் நிலையான பிறகு அளந்தது. மிதித்ததிலிருந்து பூஸ்ட் ஏறும்வரை ஆகும் தாமதம், அதாவது லேக், அதில் தெரியவே தெரியாது. பூஸ்ட் எந்த வேகத்தில் தொடங்கும் என்பது ஆர்பிஎம் கணக்கு; லேக் என்பது விநாடிக் கணக்கு. நாம இரண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். பாரத்தோட மேட்டில் நின்று கிளம்பும்போது இரண்டுமே சேர்ந்து சோதிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வர்ட்டர் வழுக்கி, இன்ஜினைச் சட்டென மேலே ஏறவிட்டுக் கொஞ்சம் காப்பாற்றும். மேனுவலில் அந்த வேலை உங்க கிளட்ச்சுக்கு.

இனிமேல் யாராவது "டார்க் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால், கூடவே இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கச் சொல்லுங்க: எந்த ஆர்பிஎம்மில்? எத்தனை விநாடியில்? முதல் பதில் பிரவுச்சரில் இருக்கும். இரண்டாவதுக்கு, பாரம் ஏற்றி ஓட்டித்தான் பார்க்கணும்.