நெய்வேலியின் கேள்விகளை நெய்வேலி கேட்கட்டும்

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு 1962-ல் உற்பத்தியைத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்த நிலையம் அது. மூடியபோது பெரிய சலசலப்பு இல்லை. அருகிலேயே 1,000 மெகாவாட் திறனில் புதிய நிலையம் எழுந்துவிட்டதால், பழுப்பு நிலக்கரியை வெட்டுவதும் எரிப்பதும் நிற்கவில்லை. ஆனால், எப்போதும் இப்படிச் சமாளித்துவிட முடியாது. 2070-க்குள் நிகர கார்பன் உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அது காப்பாற்றப்படுமானால், இன்று நெய்வேலியில் பிறக்கும் ஒரு குழந்தைக்கு ஐம்பது வயதாகும் முன்பே அந்தச் சுரங்கம் ஓய்ந்துவிடும். அப்போது யார் எதை இழப்பார்கள், இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்பதை இப்போதிருந்தே ஆராய வேண்டும். அந்த ஆய்வின் கேள்விகளை டெல்லியோ சென்னையோ எழுதித் தரக் கூடாது. பாதிக்கப்படப்போகிறவர்களே எழுத வேண்டும். அதற்குத் தகுந்த கருவி நம் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுதான் அது.

கேள்வியை யார் கேட்டால் என்ன, விடை ஒன்றுதானே என்று தோன்றலாம். தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபர் கடைசியில் அது மூடப்பட்டது. நியாயமான முறையில் நிலக்கரியிலிருந்து விலகுவதற்கு உலகுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டு, உலக வங்கி 49.7 கோடி டாலர் ஒதுக்கிய திட்டம் அது. நிலையத்தை நடத்திய எஸ்காம் நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர்கள், சாப்பாட்டுக் கடை நடத்தியவர்கள் ஆகியோருக்கு மாறிச் செல்ல இடம் இருக்கவில்லை. ஊர் மக்களோடு போதிய அளவு கலந்து பேசவில்லை என்ற குறை பிறகு அந்நாட்டிலேயே பலமாக எழுந்தது. ‘எங்கள் ஊழியர்கள் என்ன ஆவார்கள்?’ என்று நிறுவனம் கேட்டது. அந்தக் கேள்விக்குச் சரியான விடையும் கிடைத்தது. சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றி அது கேட்கவே இல்லை. நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் பாவகடா சூரியசக்திப் பூங்காவிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. சுமார் 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்து, ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கியது நல்ல யோசனைதான். வறண்ட தும்கூர் மண்ணில் அது கணிசமான வருமானமும்கூட. ஆனால், குத்தகைப் பணம் பட்டா உள்ளவருக்குப் போகும். அந்த நிலத்தில் கூலிக்குக் களையெடுத்தவருக்கும், அறுவடை முடிந்த காட்டில் ஆடு மேய்த்தவருக்கும் அதில் என்ன இருக்கிறது?

இன்னும் நுட்பமான ஒரு விஷயம் தண்ணீர். ஜெர்மனியின் கிழக்கே லவுசிட்ஸ் பகுதியில் நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. 2038-க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாக ஜெர்மனி முடிவெடுத்து, நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. வேலை, புதிய தொழில், பயிற்சி எல்லாவற்றையும் பற்றி விரிவாகப் பேசினார்கள். தண்ணீர்ப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்பது நிதானமாகத்தான் தெரிந்தது. சுரங்கத்தை உலர்வாக வைக்க இறைத்த நிலத்தடி நீர் பல பத்தாண்டுகளாக ஸ்ப்ரே ஆற்றில்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. சுரங்கம் நின்றால் இறைப்பதும் நிற்கும். வறட்சியான கோடை மாதங்களில் ஆற்றின் நீர் சில இடங்களில் 75 சதவீதம் வரை குறையக்கூடும் என்று 2023-ல் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமை எச்சரித்தது. அந்த ஆறு பெர்லின் நகரத்தின் குடிநீரோடு தொடர்புடையது. இதைப் படிக்கும் கடலூர் மாவட்டத்துக்காரருக்கு நெய்வேலி நினைவுக்கு வராமல் இருக்காது. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் ஊற்றுநீரை இறைத்தால்தான் அங்கே சுரங்கம் வெட்ட முடியும். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனத்துக்குப் பயன்படுகிறது. ஒரு பகுதி சென்னையின் குடிநீர்க் குழாய்களுக்கும் போயிருக்கிறது. அதே இறைப்பால்தான் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் பாதாளத்துக்குப் போய்விட்டன என்று விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சுரங்கம் நிற்கும் நாளில் ஏரிப் பாசனம் பெறுபவர் இழப்பார், கிணற்றுப் பாசனக்காரர் ஒருவேளை பெறுவார். எந்த ஊரில் எவ்வளவு, எத்தனை ஆண்டில்? மேலேறி வரும் நீரின் தரம் எப்படி இருக்கும்? கார்பன் கணக்குப் போடுபவரின் அட்டவணையில் இந்தக் கேள்விக்குக் கட்டமே கிடையாது. மடையில் நின்று தண்ணீர் பாய்ச்சுகிறவருக்குத்தான் இது முதலில் தோன்றும்.

சரி, இதையெல்லாம் ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்து அறிக்கை வாங்கிவிடலாமே? வழக்கமாக அதுதான் நடக்கிறது. சில மாதங்களில் முடியும் அறிக்கை, பணம் கொடுத்தவருக்குச் சொந்தம். அவர் விரும்பினால் வெளியிடுவார். முனைவர் பட்ட ஆய்வு வேறு வகை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. ஒரே கேள்வியோடு இரண்டு மூன்று மழைக்காலமும் கோடையும் ஒருவர் ஊரில் இருந்து பார்க்க முடியும். வெளியிலிருந்து தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். ஆய்வேடு ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் யாரும் பார்க்கக் கிடைக்கும். இவ்வளவு பொறுமையும் பகிரங்கமும் உள்ள வேறு ஆய்வு முறை நம்மிடம் இல்லை. கோளாறு தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறது. நெறியாளரின் துறை எது, ஆய்வகத்தில் என்ன கருவி இருக்கிறது, எந்த ஆய்விதழ் ஏற்கும் என்ற மூன்றும் சேர்ந்து தலைப்பைத் தீர்மானித்துவிடுகின்றன. ஊர்க்காரர் உள்ளே வருவது ‘தகவல் அளித்தவர்’ என்ற வரிசையில்தான். கடைசியில் ஆய்வேடு ஆங்கிலத்தில் வெளியாகும். அவர் ஊர்ப் பெயர் அதில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

பல்கலைக்கழகங்கள் இப்படி ஒதுங்கி நின்றதற்கு வரலாற்றில் ஒரு துலக்கமான சான்று உண்டு. 1970-களில் பிரிட்டனில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்ற விமான உதிரிபாக நிறுவனத்தில் ஆட்குறைப்பு அபாயம் வந்தபோது, அதன் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் வெறும் எதிர்ப்போடு நிற்கவில்லை. ராணுவத் தளவாடத்துக்குப் பதிலாக மக்களுக்குப் பயன்படும் எதை இதே இயந்திரங்களால் செய்யலாம் என்று கேட்டு, ஏறத்தாழ 180 வல்லுநர்களுக்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதினார்கள். பதில் போட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பிறகு அதே கேள்வியைப் பட்டறையில் வேலை செய்த தங்கள் உறுப்பினர்களிடமே கேட்டார்கள். 1976-ல் வெளியான திட்டத்தில் சுமார் 150 யோசனைகள் இருந்தன. வெப்ப ஏற்றிகள், காற்றாலைகள், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி என்று இன்றைக்குக் காலநிலைக் கொள்கையில் இடம்பெறும் பலவும் அதில் உண்டு. நிர்வாகம் ஏற்கவில்லை, திட்டத்தின் முன்னணியாளர்களில் ஒருவரான மைக் கூலி 1981-ல் வேலையை இழந்தார். அந்தக் காலத்திலேயே நெதர்லாந்தின் பல்கலைக்கழகங்களில் ‘அறிவியல் கடை’ என்ற ஏற்பாடு தோன்றியது. ஆராய்ச்சிக்குச் செலவிட வசதியில்லாத ஊர்க் குழுக்களும் சங்கங்களும் தங்கள் கேள்வியோடு அங்கே போகலாம். மாணவர்களும் பேராசிரியர்களும் அதை ஆய்வாக எடுத்துக்கொள்வார்கள். நான் கேட்பது அதைவிட ஒரு படி கூடுதல்தான். கேள்வியோடு வந்தவர்கள், விடை தேடும் ஆண்டுகள் முழுவதும் ஆய்வுக் குழுவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் நடுநிலை பற்றியது. போராடுகிறவர்கள் கேள்வி கேட்டால் போராட்டத்துக்கு வேண்டிய விடைதானே வரும் என்பார்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை இதற்குப் பதில் சொல்கிறது. காற்று நாறுகிறது என்று அந்தப் பகுதிக் கிராமத்தார் சொன்னதை யாரும் பொருட்படுத்தாத நிலையில், 2004 வாக்கில் அவர்களில் சிலர் பயிற்சி பெற்று, எந்த நாள், எந்த நேரம், எந்த வகை நாற்றம் என்று பதிவேடு வைத்தார்கள். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கேள்வி அவர்களுடையது, அளந்தது ஆய்வகம். நச்சு வாயுக்கள் இருப்பது தெரிந்தது. 2007-ல் நாக்பூரின் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம், சிப்காட் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் ஆபத்து இயல்பைவிடக் குறைந்தது 2,000 மடங்கு இருக்கலாம் என்று அறிக்கை தந்தது. மூக்கின் சாட்சியத்தை அறிவியல் மறுக்கவில்லை. எங்கே, எப்போது அளக்க வேண்டும் என்பதை அந்த மூக்குதான் காட்டிக் கொடுத்தது. நிறுவனம் பணம் கொடுத்துச் செய்யும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் நடுநிலையைப் பற்றி இதே கவலையை எவரும் இவ்வளவு உரக்கச் சொல்வதில்லை என்பதையும் கவனிக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மக்கள் என்றால் யார்? நெய்வேலியைச் சுற்றி ஒரே குரல் கிடையாது. பல பத்தாண்டுகளுக்கு முன் நிலம் கொடுத்து, வாக்களித்த நிரந்தர வேலைக்காக இன்னமும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சுரங்கம் ஓடவேண்டும். இனி நிலம் எடுக்கக் கூடாது என்பவர்களுக்கு அது நிற்கவேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்தை நடத்தும் என்எல்சி நிறுவனம் கால்வாய் வெட்டுவதற்காகக் கதிர் வரும் பருவத்தில் நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியைக் கண்டு கொதித்த ஊர்களிலேயே, என்எல்சியின் ஒப்பந்தக் கூலியை நம்பி அடுப்பு எரிகிற வீடுகளும் உண்டு. நகரியத்துக் குடியிருப்பில் இருக்கும் நிரந்தர ஊழியரின் கவலை ஓய்வூதியம். நிலமே இல்லாத விவசாயக் கூலிகள், அதிலும் குறிப்பாகத் தலித் குடும்பங்கள், இழப்பீட்டுப் பேச்சில் எப்போதுமே கடைசி இருக்கைதான். ஊராட்சித் தலைவரையும் நான்கு பெரிய விவசாயிகளையும் கூப்பிட்டுப் பேசிவிட்டு ‘மக்கள் கேட்ட கேள்வி’ என்று ஆய்வேட்டில் எழுதினால், அது பாவகடாவின் தவறை இன்னொரு பெயரில் செய்வதாகும். ஆகவே ஒரே குழு போதாது. நிலம் கொடுத்தவர், கொடுக்க மறுப்பவர், ஒப்பந்தத் தொழிலாளர், நிலமற்ற பெண்கள் எனத் தனித்தனியே கூட்டி, அவரவர் கேள்வியைத் தனித்தனியே எழுத வேண்டும். எந்தக் கேள்வி ஏற்கப்பட்டது, எது விடப்பட்டது, ஏன் என்பதை ஆய்வேட்டின் முதல் இயலிலேயே பதிய வேண்டும். கேள்விகள் முரண்பட்டால் முரண்படட்டும். அந்த முரண்பாடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நியாயத்தைப் பங்கிட முடியாது.

மக்களுக்குக் கசக்கும் விடையும் வரலாம். நிலத்தடி நீர் இறங்கியதில் சுரங்கத்தின் பங்கு இவ்வளவு, விவசாயிகளின் ஆழ்துளைக் கிணறுகளின் பங்கு இவ்வளவு என்று ஓர் ஆய்வு பிரித்துக் காட்டினால், இரண்டாவது எண்ணை நிறுவனத்தின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தூக்கிப் பிடிப்பார். சூரியமின் நிலையம் வந்தால் இழந்த வேலைக்கு ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பொய்க்கலாம். என்எல்சி அமைத்த ஆயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரியமின் திறனில் பெரும்பகுதி ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களில்தான் இருக்கிறது. அங்கேயும், பலகைகளைப் பொருத்தி முடித்த பிறகு வேலைக்கு வேண்டிய ஆட்கள் சொற்பம். எனவே, விடை எதுவாயினும் வெளியிடப்படும் என்ற ஒப்பந்தம் ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கேள்வியின் மீது ஊருக்கு உரிமை உண்டு, விடையின் மீது கிடையாது. இந்தக் கோட்டை அழித்தால் முதல் ஆட்சேபக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

ஐந்தாண்டு காத்திருக்க முடியுமா என்பதும் கேட்கப்படுகிறது. நிலக்கரியிலிருந்து விலகுவது பல பத்தாண்டு வேலை. அதில் ஐந்தாண்டு நீண்டதல்ல. ஆண்டுக்கொரு முறை கண்டறிந்ததைத் தமிழில் எழுதி கிராம சபையில் படித்தால் அவசரக்காரருக்கும் பயன் உண்டு. ஆய்வு மாணவரின் எதிர்காலம் பற்றிய கவலை நியாயமானது. ஊரோடு உழைத்த ஆண்டுகள் ஆய்விதழ்க் கட்டுரைகளாக மாறுவதில்லை. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கியது ஒரு வாய்ப்பு. ஆனால், ஆசிரியர் நியமனத்தில் கட்டுரைகளையே எண்ணிக்கொண்டிருக்கும் வரை அது அரைகுறை வாய்ப்புதான்.

பணம் பெரிய தடை அல்ல. 2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. ஒருவருக்கு ஐந்தாண்டுக்குச் சுமார் 24 லட்சம். பத்துப் பேருக்கு இரண்டரைக் கோடிக்குள் அடங்கும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கென்றே 2015 சட்டத் திருத்தத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் உருவாயின. அவற்றின் நிதியில் ஆய்வுக்கு இடமளிக்க விதியை மாற்ற வேண்டுமென்றால் மாற்றலாம். நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து நேரடியாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடலூர் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், வேளாண் புலமும் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையமும் கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அது 2013 முதல் மாநில அரசின் கையில் உள்ளது. தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. என்எல்சியிடமிருந்து தேவைப்படுவது பணம் அல்ல, பதிவேடுகள். ஆண்டுவாரியாக எவ்வளவு நீர் இறைக்கப்பட்டது, கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டம் என்ன, ஒப்பந்தத் தொழிலாளர்கள் எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பேர், நிலக்கரி எடுத்து முடித்து நிரப்பப்பட்ட நிலம் எவ்வளவு, அது இப்போது யார் பெயரில் இருக்கிறது என்ற விவரங்களைப் பொதுத்துறை நிறுவனமான அது, ஒவ்வொரு மாணவரையும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்காமல், பல்கலைக்கழகத்திடம் தானாகவே ஒப்படைக்கலாம்.