கொள்வார் இலரேல் கொடுங்கோலும் இல்லை!

புலான் மறுத்தலை வற்புறுத்துமிடத்துத் திருவள்ளுவர் ஓர் அரிய வணிக உண்மையை எடுத்துரைக்கின்றார். தின்பதற்கென்று வாங்குவார் உலகில் இலராயின், விலைக்கென்று கொன்று விற்பாரும் இலராவர் என்பதே அவ்வுண்மை. 'நான் கொன்றேனல்லேன், காசு கொடுத்து வாங்கினேன், என்மேல் என்ன பழி?' என்று வினவுவானுக்கு அதனினும் தெளிவான விடை வேறில்லை. வாங்கும் கை இல்லையேல் வெட்டும் கைக்கு வேலையில்லை.

ஊன் விற்பானுக்குச் சொன்ன அம்முறைமை, குடிகளை வதைத்துக் கொழுக்கும் வல்லாட்சிக்கும் முற்றும் பொருந்தும். எந்தக் கொடுங்கோலும் தன் வலிமை ஒன்றினாலேயே நிற்பதன்று. அதற்குத் துமுக்கி விற்பான் ஒருவன். எரிநெய் ஊற்றுவான் ஒருவன். கடன் கொடுப்பான் ஒருவன். அது தோண்டியெடுத்த பொன்னையும் நிலக்கரியையும் பெற்றுக்கொண்டு பணம் எண்ணித் தருவான் ஒருவன். இந்நால்வரும் பெரும்பாலும் கடல்கடந்த நாடுகளில் மதிப்புற வாழ்பவர். மாந்த உரிமை பற்றி மேடைதோறும் முழங்குபவர். இவர்கள் கைவிலகினால் அக்கொடுங்கோல் எத்துணை நாள் நிமிர்ந்து நிற்கும்?

இவ்வினாவை வெறுஞ் சொற்போரால் தீர்க்க வேண்டுவதில்லை. 1946 முதல் 1994 வரை 48 ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் நடந்து முடிந்த வரலாறே அதற்கு விடை கூறும்.

அந்நாட்டின் பெரும்பான்மையர் கறுப்பின மக்கள். ஆட்சியோ வந்தேறிய வெள்ளையர் கையில். 1913-இலும் 1936-இலும் இயற்றப்பட்ட நிலச் சட்டங்களால், நாட்டு நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கே அம்மண்ணின் மக்களுக்கென விடப்பட்டது. 1948-இல் ஆட்சிக்கு வந்த வெள்ளையரின் தேசியக் கட்சி, நிறவொதுக்கலையே அரசின் கொள்கையாக அறிவித்தது. 1950-இல் ஒவ்வொருவரையும் இன்ன நிறத்தாரென்று பதிவு செய்யும் சட்டம். அதே ஆண்டில் இன்ன நிறத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்னும் சட்டம். 1953-இல் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏவல் வேலைக்குப் போதுமான அளவே கல்வி என்னும் சட்டம். தம் நாட்டு நகருக்குள் நடமாடுதற்கும் அம்மக்கள் நுழைவுச் சுவடியைக் கையில் வைத்திருத்தல் வேண்டும், இல்லையேல் சிறை.

இந்நிறவெறிக்கு எதிராக முதன்முதல் வணிகக் கதவை அடைத்த நாடு இந்தியா. அதற்குக் கரணியமாய் இருந்தவருள் நம்மவரும் உளர். 1860 நவம்பர் 16-இல், சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கென்று பிடித்துச் சென்ற ஒப்பந்தக் கூலிகளை நேட்டால் பகுதியின் தர்பன் துறைமுகத்தில் இறக்கிற்று. அவர்களுள் தமிழர் பலர். அவ்வாறு சென்றோர்மீது சுமத்தப்பட்ட இழிவுகளை எதிர்த்துச் சிறைபுகுந்து, நோயுற்று வெளிவந்து, 1914 பிப்பிரவரி 22-இல் 16 அகவையில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். 1946-இல் ஆசிய இனத்தார் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் ஒடுக்கும் சட்டம் வந்தபொழுது, மருத்துவர் நாயக்கரும் மருத்துவர் தாதூவும் தலைமை தாங்கிய போராட்டத்தில் ஏறத்தாழ 2,000 பேர் சிறையேகினர். அவ்வாண்டிலேயே இந்தியா, தென்னாப்பிரிக்காவுடன் தன் வணிகத்தை நிறுத்திற்று. தன் ஏற்றுமதியில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கை இழந்தது. இன்னும் முழு விடுதலை பெறாத, வறுமை மிக்க ஒரு நாடு அவ்விழப்பைத் தாங்கிற்று. வளமிக்க மேலை நாடுகளோ அதன்பின் 40 ஆண்டுகள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தன.

'தடை விதித்தால் கறுப்பின ஏழைகளே பட்டினி கிடப்பர்' என்பது அந்நாடுகள் ஓதிய மந்தணம். இரேகன் ஓதினார், தாட்சர் அம்மையார் ஓதினார். ஆனால், பட்டினி கிடப்பவர் என்று சொல்லப்பட்டவர்கள் என்ன சொன்னார்கள்? ஆப்பிரிக்கத் தேசியப் பேராயத்தின் தலைவர் ஆல்பர்ட்டு உலுத்துலி, 1959-இலேயே மருத்துவர் நாயக்கருடனும் பீட்டர் பிரௌனுடனும் சேர்ந்து, தம் நாட்டுப் பொருள்களை வாங்காதீர் என்று பிரித்தானிய மக்களை வேண்டிக்கொண்டார். அதனால் தம் மக்கள் துன்புறுவர் என்பதை அவர் மறைக்கவில்லை. குருதி சிந்தும் நாளை அது குறைக்குமாயின் அத்துன்பத்தைத் தாம் தர ஒருப்படும் விலையாகக் கொள்வதாகவே கூறினார். நாள்தோறும் அடிபடுகின்றவன், 'என்னை அடிப்பவனுக்குச் சோறு போடாதே. எனக்கும் ஒருவேளைச் சோறு குறையட்டும்' என்கின்றான். அடிப்பவனோடு வணிகம் செய்பவனோ, 'ஐயோ, உனக்குப் பசிக்குமே' என்று கண்ணீர் விடுகின்றான். எவனுடைய கண்ணீரை நாம் நம்புவது?

1960 மார்ச்சு 21-இல் சார்ப்புவில் என்னும் ஊரில், நுழைவுச் சுவடியை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். 1962 நவம்பரில் ஒன்றிய நாடுகளின் பொதுப்பேரவை, அவ்வரசுடன் உறவையும் வணிகத்தையும் அறுத்துக்கொள்ளுமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. 1963-இல் பாதுகாப்பு மன்றம் படைக்கலம் விற்க வேண்டாவென்று வேண்டிக்கொண்டது. வேண்டுகோள் வேண்டுகோளாகவே நின்றது. விற்பவர் விற்றுக்கொண்டே இருந்தனர்.

பின்னர் வந்தது 1976. கறுப்பின மாணவர் தம் பாடங்களுள் பாதியை வெள்ளையாளரின் ஆப்பிரிக்கான்சு மொழியிலேயே கற்றல் வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. சூன் 16-இல் சொவெத்தோ நகரின் பள்ளிப் பிள்ளைகள் அம்மொழித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். அரசு துமுக்கியால் விடையிறுத்தது. உயிரற்ற எக்டர் பீட்டர்சன் என்னும் சிறுவனைத் தோழன் ஒருவன் இருகையில் ஏந்தி ஓடிவரும் படம் உலகை உலுக்கிற்று. மொழித் திணிப்புக்கு எதிராக மாணவர் உயிர் கொடுத்தமையைத் தம் மண்ணிலேயே கண்ட தமிழர்க்கு அப்படத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. அடுத்த ஆண்டு, 1977 செப்டம்பரில், இளந்தலைவர் இசுடீவு பிக்கோ காவலில் அடியுண்டு மாண்டார். நவம்பர் 4-இல் பாதுகாப்பு மன்றம் படைக்கலத் தடையைக் கட்டாயமாக்கிற்று. தன் உறுப்பு நாடொன்றன்மீது அம்மன்றம் விதித்த முதற் கட்டாயப் படைக்கலத் தடை அதுவே.

ஆயினும் எலி வளைகள் அடைபடவில்லை. அரபு நாடுகள் 1973-இல் எரிநெய் தர மறுத்தபின்னும், ஈரானின் மன்னர் 1979-இல் வீழும்வரை அங்கிருந்து எரிநெய் பாய்ந்துகொண்டே இருந்தது. அதன்பின் கள்ளவழி. 'சேலம்' என்னும் பெயர்கொண்ட எரிநெய்க் கப்பல் ஒன்று தன் சரக்கைத் தர்பனில் மறைவாக இறக்கிவிட்டு, 1980 சனவரியில் மேற்காப்பிரிக்கக் கடலில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. சரக்கும் சேர்ந்து மூழ்கியதாகப் பொய்க்கணக்குக் காட்ட முயன்றனர். ஆனால் கள்ளச்சரக்கு நல்விலைக்குக் கிடைப்பதன்று. எரிநெய்க்குக் கூடுதல் விலை, நிலக்கரியிலிருந்து எரிநெய் வடிக்கப் பெருஞ்செலவு, படைக்கலத்தைத் தானே செய்துகொள்ளப் பெருஞ்செலவு என்று வெள்ளையரசின் கருவூலம் கசியத் தொடங்கிற்று. ஓட்டையுள்ள தடையும் தடையே என்பதை இது காட்டும். ஓட்டையை அடைத்திருந்தால் எத்துணை உயிர்கள் எஞ்சியிருக்கும் என்பதையும் இது காட்டும்.

அரசுகள் தயங்கியவிடத்து மக்கள் முன்வந்தனர். 1984-இல் அயர்லாந்தின் தபுலின் நகரில், கடையொன்றில் பணம் பெறும் வேலை செய்த மேரி மேனிங் என்னும் இளம்பெண், தென்னாப்பிரிக்கப் பழத்தை விற்கமாட்டேன் என்று மறுத்தாள்; வேலையினின்று விலக்கப்பட்டாள். அவளோடு உடன்பணியாளர் சிலரும் வெளியேறினர். ஏறத்தாழ மூன்றாண்டுகள் மழையிலும் குளிரிலும் கடைவாயிலில் நின்றனர். முடிவில், 1987-இல், அயர்லாந்து அரசே தென்னாப்பிரிக்கப் பழங்களையும் காய்களையும் தடை செய்தது. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1974-இல், வரிப்பந்தாட்டத்தின் தேவிசுக் கோப்பை இறுதிக்குச் சென்ற இந்திய அணி, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆட மறுத்துக் கோப்பையை விட்டுக்கொடுத்தது. அவ்வணியின் முன்னணி ஆட்டக்காரரான அமிர்தராசு உடன்பிறந்தார் சென்னையினர். கைக்கெட்டிய கோப்பையை விடுவது எளிதன்று, விட்டனர்.

இறுதியடி பணப்பையில் விழுந்தது. 1985 சூலையில் அவ்வரசு நெருக்கடி நிலையை அறிவித்த சில நாள்களில், அமெரிக்காவின் சேசு மன்காட்டன் வைப்பகம், கொடுத்த குறுங்காலக் கடனைத் தவணை நீட்டித்தர மறுத்தது. அவ்வைப்பகத்துக்கு அறம் பெரிதாகத் தோன்றியதன்று; எரிகின்ற வீட்டில் இட்ட பணம் திரும்பாது என்ற அச்சமே பெரிதாகத் தோன்றிற்று. பிற வைப்பகங்களும் பின்தொடர்ந்தன. ஆகத்து 15-இல், பெருமாற்றம் அறிவிப்பார் என்று உலகமே எதிர்பார்த்த உரையில், குடியரசுத் தலைவர் போத்தா விரலை நீட்டி அச்சுறுத்தியதோடு நின்றார். 1980-களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கத் தாலருக்கும் மேற்பட்ட மதிப்புடையதாய் இருந்த இராண்டு நாணயம், ஏறத்தாழ 35 செண்டுக்கு வீழ்ந்தது. பங்குச் சந்தையை மூடினர். அயற்கடனைத் திருப்பித்தர இயலாதென்று கைவிரித்தனர். 1986 அக்குதோபரில் அமெரிக்கப் பேராயம், இரேகனின் மறுப்பாணையை மேலவையில் 78-க்கு 21 என்னும் வாக்குகளால் தள்ளிவிட்டுத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய முதலீடு நின்றது; நிலக்கரி, எஃகு, யுரேனியம், துணி ஆகியவற்றின் இறக்குமதி நின்றது; தென்னாப்பிரிக்க வானூர்திகள் அமெரிக்க மண்ணில் இறங்குவதும் நின்றது.

1990 பிப்பிரவரி 2-இல் புதிய தலைவர் தெ கிளர்க்கு, தடைசெய்யப்பட்ட இயக்கங்களை விடுவித்தார். 11-ஆம் நாள், 27 ஆண்டுச் சிறைக்குப்பின் நெல்சன் மண்டேலா வெளிவந்தார். இவ்வெற்றி தடை ஒன்றினாலேயே விளைந்ததென்று கூறினால் அது பிழை. சேரிகளில் எழுந்த இளைஞர், சுரங்கங்களில் வேலைநிறுத்திய தொழிலாளர், அங்கோலாப் போரில் ஏற்பட்ட களைப்பு, பொதுவுடைமைப் பூச்சாண்டி காட்டிப் பிழைக்க முடியாதவாறு உலகநிலை மாறியமை ஆகிய யாவும் சேர்ந்தே அக்கோட்டையைத் தகர்த்தன. தடை அக்கோட்டைக்குள் சென்ற தண்ணீரை நிறுத்திற்று; வாயிலை உடைத்தவர் உள்ளிருந்த மக்களே. விடுதலை பெற்ற மண்டேலாவோ, உடனே தடையை நீக்குக என்று கேட்கவில்லை. தொடர்க என்றே நாடுநாடாகச் சென்று கேட்டார். ஆட்சிமாற்றத்திற்கான வழி உறுதியானபின், 1993 செப்டம்பர் 24-இல் ஒன்றிய நாடுகள் அவையில் நின்று, இனி நீக்குக என்றார். 1994 ஏப்பிரல் 27-இல் அம்மக்கள் முதன்முறை வாக்களித்தனர்.

இனி மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பாராமற் போதல் நேர்மையன்று. 1990 ஆகத்தில் ஈராக்கின்மீது விதிக்கப்பட்ட தடை 2003 வரை நீடித்தது. ஏறத்தாழ எல்லாப் பொருளையும் தடுத்த அத்தடையால், குடிநீரைத் தூய்மை செய்யும் பொறிகளும் மருத்துவமனைகளும் சீர்கெட்டன. மக்கள் அரசின் பங்கீட்டுச் சோற்றையே நம்பி வாழ நேர்ந்தது. வல்லாளர் சதாமின் பிடி அதனால் இறுகிற்றேயன்றித் தளரவில்லை. அங்குப் பணியாற்றிய ஒன்றிய நாடுகளின் பொறுப்பாளர் தெனிசு ஆலிதே 1998-இலும், அவர்க்குப்பின் வந்தவர் 2000-இலும், இக்கொடுமைக்குத் துணைநிற்க மாட்டோம் என்று பதவி துறந்தனர். ஆகவே தடை என்பது இருபுறமும் கூருடைய வாள். மருத்துவன் கையில் அறுவைக் கத்தி. மூடன் கையில் கொலைக்கருவி.

இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? மூன்று வினாக்கள் போதும். தடையைக் கேட்பவர் யார்: துன்புறும் மக்களின் நம்பிக்கைக்குரிய இயக்கங்களா, எண்ணெய் வயலுக்கு எச்சில் ஊறும் வல்லரசா? தடை எங்கே விழுகின்றது: ஆள்வோரின் படைக்கலத்தின்மீதும் கடனின்மீதுமா, குழந்தையின் பால்மீதும் மருந்தின்மீதுமா? தடை எப்பொழுது நீங்கும்: இன்னது செய்தால் நீங்கும் என்று எல்லை வகுத்துள்ளதா, ஆளையே ஒழிக்கும்வரை நீளுமா? தென்னாப்பிரிக்கத் தடை இம்மூன்றிலும் தேறிற்று; ஈராக்குத் தடை மூன்றிலும் தோற்றது.

இவ்வளவுகோல் பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. பருமா எனப்பட்ட மியன்மா நாட்டில், 2021 பிப்பிரவரி 1-இல், மக்கள் தேர்ந்தெடுத்த அரசைப் படைத்தலைவர்கள் கவிழ்த்தனர். அந்நாட்டு மக்களாட்சி இயக்கத்தார் உலகை நோக்கிக் கேட்டது, படைத்தலைவர்க்குப் பணம் ஈட்டித் தரும் இயல்வளி வருவாயையும், ஊர்களின்மேல் குண்டு வீசும் வானூர்திகளுக்கான எரிநெய்யையும் நிறுத்துக என்பதே. ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டு எரிநெய் வளிப் பொதுநிறுவனத்தின்மீது 2022-இல் தடை விதித்தது. அமெரிக்கா 2023-இல் அதன் பணவழியைத் தடுத்தது. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தபொழுது அந்நாட்டு வளிவயல் ஒன்றில் இந்திய நடுவணரசின் நிறுவனங்கள் இரண்டு பங்குடைமை கொண்டிருந்தன. 1946-இல் எல்லார்க்கும் முன்னே கதவடைத்த நாடு, 2021-இல் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மூடி நின்றது. அன்று மேலை நாடுகளைப் பார்த்து நாம் கேட்ட கேள்வி, இன்று நம்மை நோக்கித் திரும்பி நிற்கின்றது.

தமிழ் நெஞ்சங்களே! வரிப்பணமாகவும், வைப்பகத்தில் இட்ட சேமிப்பாகவும், கடையில் நீட்டும் காசாகவும் நம் உழைப்பு நம்மை அறியாமலே கடல்கடந்து செல்கின்றது. அது யார் கையில் என்னவாக மாறுகின்றது என்று கேட்பது நம் கடமை. தபுலின் கடையில் நின்ற அவ்விளம்பெண்ணிடம் படையுமில்லை, பதவியுமில்லை. 'இதை விற்கமாட்டேன்' என்னும் ஒரு சொல்லே இருந்தது. அச்சொல் ஒரு நாட்டின் சட்டமாயிற்று. நாமும் கேட்போம், கேட்டு மறுப்போம். கொடுங்கோலன் வீழ்வது அவன் கை தளரும்பொழுதன்று. அக்கைக்கு நாம் கொடுப்பதை நிறுத்தும்பொழுதே!