மெட்ராஸ் ஐயும் மைசூர் கண்ணும்

போன லீவில் மைசூரில் அக்கா வீட்டில் தங்கி கண்ணிமை ஆபரேஷன் செய்துகொண்டேன். மேலிமையில் தொங்குகிற தோலை வெட்டித் தைப்பது. பார்வையில் கோளாறு ஒன்றும் இல்லை, அழகுக்காகத்தான். வெளியே சொல்ல வெட்கம். குவெம்பு நகர் தெருவுக்கே "மெட்ராஸ் ஐ" என்று சொல்லிவிட்டோம். ஒருத்தரும் கிட்ட வரவில்லை. நல்ல ஐடியாதான் :-)

இரண்டாம் நாள் ராத்திரி வரைக்கும். அக்காவும் அத்தானும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வலது கண் திடீரென்று வலித்தது, வீக்கமும் கூடின மாதிரி இருந்தது. எதிர்வீட்டில் கார் உண்டு. ஆனால் மெட்ராஸ் ஐக்கு நடுராத்திரியில் ஆஸ்பத்திரியா என்று கேட்டால்? இதை யோசித்தே முக்கால் மணி நேரம் போனது. பிறகுதான் கதவைத் தட்டினேன்.

நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் திட்டினார். அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து பார்வை நரம்பை அழுத்துமாம். கடும் வலி, திடீர் வீக்கம், பார்வை மங்கல் இருந்தால் நிமிஷக் கணக்கு. தாமதித்தால் பார்வையே போய்விடலாம். நான் முக்கால் மணி நேரத்தை வெட்கத்துக்குக் கொடுத்திருக்கிறேன்!

மற்றபடி எல்லாம் சாதாரணம்தான். முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம், தலையை உயர்த்தித் தூக்கம். ஒரு வாரத்துக்குள் தையல் பிரிப்பார்கள். கன்றிய நிறம் மறைய இரண்டு வாரம். தழும்பு முழுசாக ஆறப் பல மாதம். இரண்டு வார லீவில் கல்யாணம், கோயில், ஷாப்பிங்கோடு இதையும் நுழைக்கிற நம்மவர்கள் ஆபரேஷன் செலவைக் கணக்குப் போடுகிறோம், ஆறுகிற நாட்களைப் போடுவதில்லை. தையலோடு விமானம் ஏறினால் அங்கே யார் பார்ப்பார்கள்?

1792 மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட வண்டிக்காரர் கவாஸ்ஜிக்கு நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்தார்கள். 1794ல் அவர் படமே லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பிய டாக்டர்கள் அந்த வித்தையைத் தேடிப் படித்தார்கள். அவர் முகத்தை லண்டனே பார்த்தது, நான் எதிர்வீட்டுக்குக் காட்டக் கூசினேன்.

செய்துகொள்வதும் கொள்ளாததும் அவரவர் இஷ்டம். செய்தால், கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவையுங்கள். எதிர்வீட்டு அம்மா காரில் வரும்போது கன்னடத்தில் கடிந்துகொண்டார்: "முதல்லயே சொல்லியிருந்தா சாப்பாடு கொண்டு வந்திருப்பேனே!"