வான் பொது, ஊர்தி தனி

'பிரைவேட் செட்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் ஊர்தியைத் தமிழ் நாளிதழ்கள் அவ்வாறே ஒலிபெயர்த்து எழுதி வருகின்றன. சிற்சில இதழ்கள் 'தனி விமானம்' என்று எழுதி, மொழிபெயர்த்துவிட்டதாக மகிழ்கின்றன. விமானமும் வடசொல்லே. பின்னோக்கி வளியைத் தாரையாகப் பீய்ச்சி முன்னோக்கிச் செல்வதாகலின் அதனைத் தாரையூர்தி என்பதே பொருந்தும். ஒருவர்க்கே உரியதாயின் தனியுடைமைத் தாரையூர்தி. சொல்லை அமைத்துக்கொள்வது எளிது. ஆனால், அச்சொல்லின் முன்னுறுப்பாகிய 'தனியுடைமை' என்பதனுள் எத்துணை உண்மை உள்ளதென்று ஆராயப் புகுந்தால், சொல்லாராய்ச்சி பொருளாராய்ச்சியாக விரிகின்றது.

இவ்வகை ஊர்திகளுள் பெயர்பெற்றது கல்புசிட்ரீம் 650 என்பது. அமெரிக்காவின் சார்சியா மாநிலத்துச் சவானா நகரில் செய்யப்பெற்றது. 2009 நவம்பரில் முதன்முறை பறந்தது. 2012இன் இறுதியில் வாங்கியோர் கைக்கு வந்தது. அதன்பின் அவ்வினத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை விற்றுள்ளன. அதற்கு இணையாகத் தொரந்தோ நகரில் செய்யப்பெறும் குளோபல் 7500 என்பது 2018இலும், அதே சவானாவில் பிறந்த 700ஆம் எண்ணுடையது 2024இலும் புழக்கத்திற்கு வந்தன. பெயரும் எண்ணும் மாறினும் இயல்பு ஒன்றே ஆகலின், முன்னதனையே எடுத்துக்கொண்டு ஆராய்வது போதும்.

பொறியியல் நோக்கில் அஃது ஓர் அரிய ஆக்கம் என்பதனை மறைப்பது நேர்மையன்று. செருமனியில் செய்யப்பெற்ற இரண்டு ரோல்சு ராய்சுப் பொறிகள் அதனை உந்துகின்றன. ஒலியின் விரைவில் நூற்றுக்கு 85 பங்கு விரைவில், மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டராக, இடையில் எங்கும் இறங்காமல் 12,960 கிலோமீட்டர் செல்லவல்லது. துபாயில் ஏறினால் நியூயார்க்கில்தான் இறங்க வேண்டும். மக்கள் ஏறும் பெரிய ஊர்திகள் பெரும்பாலும் 30,000 அடி முதல் 40,000 அடி வரையில் பறக்க, இது 51,000 அடி வரை ஏறும்; கூட்டமும் கொந்தளிப்பும் கீழே தங்கிவிடும்.

அதன் இன்ப ஏந்துகளுள் தலையாயது மெத்தையும் கட்டிலும் அன்று, மூச்சுக் காற்றே. 51,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் நிலத்தில் உள்ளதில் ஒன்பதில் ஒரு பங்களவே. அங்கே உள்ளிருப்பவர்க்கு 4,850 அடி உயரமுள்ள ஒரு மலையூரில் அமர்ந்திருப்பது போன்ற காற்றழுத்தத்தை அவ்வூர்தி வைத்துக் கொடுக்கின்றது. பொது ஊர்திகளிலோ அவ்வளவு 8,000 அடி வரை செல்வதுண்டு. நெடும்பயணம் முடிந்து இறங்குவோர்க்கு வரும் தலைவலியும் சோர்வும் ஓரளவு இதனால் விளைவன. இவ்வளவு அழுத்தத்தை உள்ளே வைத்திருப்பது எளிதன்று. ஊர்தியின் உடற்கூட்டில் ஒவ்வொரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேலும் உள்ளிருந்து ஏறத்தாழ ஏழரைத் தொன் எடை அழுத்திக்கொண்டே இருக்கும். அதனைத் தாங்கும் வன்மையோடு, பக்கங்களில் பதினாறு அகன்ற பலகணிகளையும் வைத்துக் கட்டியிருக்கின்றனர் என்றால், அத்தொழிலாளர் கைத்திறமும் கணக்கறிவும் போற்றத் தக்கனவே. ஆறடி உயரமுள்ளவர் குனியாமல் நடக்கலாம். பத்துப்பேர் வரை படுத்து உறங்கலாம். பத்தொன்பது பேர் வரை அமரலாம்.

அத்திறத்திற்குக் கொடுக்கப்பெற்ற விலை பணம் மட்டும் அன்று. 2011 ஏப்பிரல் 2ஆம் நாள், நியூமெக்சிகோ மாநிலத்து இராசுவெல் நிலையத்தில், ஒற்றைப் பொறியின் ஆற்றலோடு எழும் ஆய்வோட்டத்தின்போது இவ்வின ஊர்தியொன்று நிலத்தில் மோதித் தீப்பற்றியது. வலவர் இருவரும் ஆய்வுப் பொறியாளர் இருவருமாக நால்வர் மாண்டனர். எழும்போது கொள்ளவேண்டிய விரைவு பிழையாகக் கணிக்கப்பெற்றிருந்ததும், முன்பே நேர்ந்த நிகழ்ச்சிகளை முறையாக ஆராயாமல் விட்டதும், குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்னும் நெருக்கடியும் அமெரிக்க நடுவணரசின் ஆய்வு வாரிய அறிக்கையில் எடுத்துக் காட்டப்பெற்றன. பளபளக்கும் விற்பனைச் சுவடிகளில் அந்நால்வரைப் பற்றிய வரி ஒன்றும் இராது.

இனி எடைக் கணக்கு. இதுதான் கூர்ந்து நோக்கத் தக்கது. வலவரும் பணியாளரும் உட்பட ஊர்தியின் வெற்றெடை ஏறத்தாழ 24,490 கிலோ. அது கொள்ளும் எரிநெய் 20,050 கிலோ. எரிநெய்யை முழுமையாக நிரப்பிய பின், மாந்தரும் பெட்டிகளுமாக ஏற்றத்தக்க எடை 816 கிலோ. பெட்டியோடு எட்டுப்பேர் எனக் கொள்ளலாம். நாற்பத்தைந்து தொன் எடையுள்ள ஒரு பொருள் நிலத்தை விட்டு எழுகின்றது; அதனுள் எவர்பொருட்டு அஃது எழுகின்றதோ, அவர்களுடைய எடை நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை! எஞ்சியவை மாழையும் நெய்யுமே.

நெடும்பயணத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 1,700 இலிட்டர் எரிநெய் குடிக்கும். அதே விரைவில் 290 பேரை ஏற்றிச் செல்லும் போயிங்கு 787-9 என்னும் பொது ஊர்தி மணிக்கு 7,000 இலிட்டர் அளவில் குடிக்கும். பின்னதில் ஆளுக்கு 24 இலிட்டர். முன்னதில் எட்டுப்பேர் ஏறினால் ஆளுக்கு 212 இலிட்டர். நால்வரே ஏறினால் 425. ஒருவர் மட்டும் ஏறும் நாளும் உண்டு. ஒருவரும் ஏறாமல், உரிமையாளரை அழைத்து வருவதற்கென்றே வெறும் ஊர்தியாகப் பறக்கும் நாளும் உண்டு. அந்நாளில் வகுத்துப் பார்க்க வகுத்தெண்ணே கிடையாது.

வாங்கும் விலை முதற்செலவே. 2012ஆம் ஆண்டளவில் அதன் விலை ஏறத்தாழ ஆறரைக் கோடி அமெரிக்கத் தாலர். பறந்தாலும் பறவாவிட்டாலும் வலவர்க்கும் பணியாளர்க்கும் ஆண்டு முழுதும் ஊதியம் கொடுக்க வேண்டும். பதினான்கு மணிநேரப் பயணமாயின் இரு வலவர் போதார், மாற்றாளும் வேண்டும். அவர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி, ஊர்திக்குக் கொட்டகை, காப்பீடு, இறங்கும் நிலையங்களில் கட்டணம், பொறிகளின் பேணுகைக்கு மணிக்கணக்கில் செலுத்தும் தொகை என்று செலவு நீளும். ஆண்டுக்கு 400 மணிநேரம் பறப்பதாகக் கொண்டால் எரிநெய் மட்டும் ஏறத்தாழ 6,80,000 இலிட்டர். அதிலிருந்து வெளிப்படும் கரிவளி 1,700 தொன். இவ்வளவும் செய்து நிறுத்தி வைத்திருக்கும் பொருளின் விலையோ ஆண்டுக்காண்டு இறங்கும்.

'அவர் பணம், அவர் செலவு. பிறர்க்கு இதில் என்ன?' என்று கேட்போர் உளர். தனியுடைமை என்னும் சொல் ஆராயப்பட வேண்டுவது இவ்விடத்தில்தான். ஊர்தி அவருடையது, ஓடுபாதை அவருடையதன்று. நியூயார்க்கை ஒட்டி நியூசெர்சியில் உள்ள தெட்டர்பரோ நிலையத்தை எடுத்துக்கொள்க. அங்கே பொதுமக்கள் சீட்டு வாங்கி ஏறும் காலமுறை ஊர்தி ஒன்றும் இல்லை. பெருஞ்செல்வர் ஊர்திகளே வந்து போகின்றன. ஆயினும், அந்நிலையத்தின் உடைமை ஒரு பொதுத்துறை ஆணையத்தினது. அங்கு இறங்கும் ஊர்தியின் எடை ஓர் இலக்கம் பவுண்டுக்கு மிகலாகாது என்பது விதி. கல்புசிட்ரீம் 650 எழத்தக்க பேரெடை 99,600 பவுண்டு. தையற்காரர் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துவதனைக் காண்க.

வானில் வழிகாட்டுவோரும் அரசுப் பணியாளரே. எட்டுப்பேர் ஊர்திக்கும் முந்நூறுபேர் ஊர்திக்கும் வழிகாட்டும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. அமெரிக்காவில் பொது ஊர்தியில் ஏறும் ஆசிரியரும் செவிலியரும் தம் சீட்டு விலையில் நூற்றுக்கு ஏழரை வரி செலுத்துகின்றனர். தம் ஊர்தியில் தாமே செல்பவர்க்குச் சீட்டே இல்லையாகலின் அவ்வரியும் இல்லை, எரிநெய்மேல் ஒரு சிறு வரி மட்டுமே. அந்நாட்டுக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று 2023இல் வெளியிட்ட அறிக்கை, நடுவணரசு வழிகாட்டும் பறப்புகளில் ஆறில் ஒன்று தனியூர்திகளுடையது என்றும், அச்செலவுக்கான வரியில் அவை தருவது நூற்றுக்கு இரண்டே என்றும் கணக்கிட்டது. தனியுடைமைக்குப் பொதுப்பணம் முட்டுக்கொடுத்து நிற்பது இவ்வாறே.

'காலமே பொன், பெருந்தலைவர்களின் ஒரு மணிநேரம் பல கோடி பெறும்' என்பது ஊர்தி விற்போர் கூற்று. ஒரே நாளில் மூன்று சிற்றூர்த் தொழிற்சாலைகளைப் பார்த்து மீள்வோர்க்கும், உயிருக்குப் போராடும் நோயாளியை ஏற்றிச் செல்வோர்க்கும் அக்கூற்று பொருந்தும். எல்லார்க்கும் பொருந்துமா? அறிவியல் ஆய்வர் குழு ஒன்று உலகெங்கும் ஏறத்தாழ 26,000 தனியூர்திகளின் பறப்புகளைத் தொகுத்து 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, பறப்புகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவின. 2019க்கும் 2023க்கும் இடையில் அவை வெளிப்படுத்திய கரிவளி நூற்றுக்கு 46 பங்கு பெருகி, ஆண்டுக்கு ஒரு கோடியே 56 இலக்கம் தொன் ஆயிற்று.

2008 நவம்பரில் நிகழ்ந்ததனை அமெரிக்கர் இன்னும் மறந்திலர். தம் தொழில் நொடித்த நிலையில், அரசிடம் 2,500 கோடித் தாலர் கடனுதவி வேண்டி, செனரல் மோட்டார்சு, போர்டு, கிரைசுலர் ஆகிய மூன்று சீருந்து நிறுவனங்களின் தலைவர்களும் தெட்ராய்ட்டிலிருந்து வாசிங்டனுக்கு வந்தனர். ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்கு, ஒரே வேலைக்கு, மூவரும் மூன்று தாரையூர்திகளில் தனித்தனியே வந்தனர்! இரந்து நிற்பவர் பல்லக்கில் வரலாமா என்று பேராய உறுப்பினர்கள் எள்ளி நகையாடினர். அடுத்த திங்களில் மூவரும் தம் நிறுவனச் சீருந்துகளிலேயே தரைவழியாக வந்து சேர்ந்தனர். சீருந்து செய்து விற்பவர்க்குச் சீருந்தில் ஏறவேண்டும் என்பதனை எவரோ எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஊர்தித் துறைச் சங்கங்களோ 2009இலேயே 'ஊர்தி இல்லையேல் ஊதியம் இல்லை' என்னும் பொருளுடைய ஆங்கில முழக்கத்தோடு பரப்புரையில் இறங்கிவிட்டன.

தமிழ்க் காப்பியத்திலும் தனியுடைமைப் பறப்புப்பொறி ஒன்று உண்டு. சீவகசிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி அது. அதனைக் காட்டித் தமிழர் அன்றே வானூர்தி செய்தனர் என்று மார்தட்டுவோர் மிகப் பலர். காப்பியக் கற்பனை தொழிற்சாலைச் சான்று ஆகாது. ஆனால் கதையில் ஒரு செய்தி உளது. அரசியலைக் கட்டியங்காரனிடம் விட்டுவிட்டு இன்பத்தில் ஆழ்ந்த வேந்தன், கேடு சூழ்வதனை உணர்ந்தபின் செய்வித்த பொறி அது. சூல்கொண்ட தேவி ஒருத்திக்கே அதில் இடம் இருந்தது. நாட்டு மக்களுக்கு இல்லை. அஃது இறங்கிய இடம் சுடுகாடு.

இன்றைய அரசுகள் செய்வது யாது? தொழிலுக்கென்று வாங்கும் ஊர்தியின் முழு விலையையும் முதலாண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்கா இடங்கொடுத்தது. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்த அச்சலுகை 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழுமையாக மீண்டது. நிறுவன வரி நூற்றுக்கு 21 ஆகலின், ஆறரைக் கோடித் தாலர் ஊர்தி வாங்கும் ஒரு நிறுவனம் முதலாண்டில் ஒரு கோடியே 36 இலக்கம் தாலர் வரியைத் தவிர்க்கலாம். பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்லத்தக்க பணம் அது.

பிரான்சு வேறு வழியில் சென்றுள்ளது. 2025 மார்ச்சு முதல், வாடகைத் தாரையூர்தியில் நெடுந்தொலைவு செல்வோர் மேல் ஆளுக்கு 2,100 யூரோ வரை அது வரி விதித்துள்ளது. குறையொன்று உண்டு: அவ்வரி வாடகை ஊர்தியில் ஏறுவோரைத் தொடுகின்றது; தம் ஊர்தியிலேயே தாம் ஏறிச் செல்வோரைத் தொடவில்லை.