பொன்னம்மாளுக்கு இழைத்த அநீதி

கல்கியின் ‘சோலைமலை இளவரசி’ நடையழகால் நம்மை ஒரே மூச்சில் படிக்கச் செய்வது. ஆயினும் கதைப்போக்கு எனக்கு ஏமாற்றமே அளித்தது.

1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் ஈடுபட்ட குமாரலிங்கம், போலீசாரிடமிருந்து தப்பிப் பாழடைந்த மலைக்கோட்டையில் ஒளிகின்றான். மணியக்காரர் மகள் பொன்னம்மாள் அவனுக்கு உணவளிக்கின்றாள். எத்துணை அருமையான தொடக்கம்! ஆனால், விரைவிலேயே முற்பிறவிக் காட்சிகள் புகுந்துவிடுகின்றன. அவன் மாறனேந்தல் அரசகுலத்தவனாம். அவள் இளவரசி மாணிக்கவல்லியாம்.

மறுபிறப்பு நம் மார்க்கத்திற்கு உடன்பாடன்று என்பதற்காக யான் குறை கூறவில்லை. அலாவுதீன் விளக்கைச் சுவைத்த நமக்கு மாயம் புதிதன்று. பொன்னம்மாளின் நிலையே என்னை உறுத்துகின்றது. கோம்பை போன்ற மலையடிவார ஊர்களில், தூக்குச்சட்டியோடு மலைப்பக்கம் சென்றவர் யார் என்பது பொழுது சாய்வதற்குள் தெருவெங்கும் தெரிந்துவிடும். அத்தகைய ஊரில் தேடப்படுபவனுக்குச் சோறிட ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவ்வுரத்தை அவளுக்கே உரியதாக விடாது, பழம்பிறவியின் பாக்கியாக ஆசிரியர் ஆக்கிவிட்டார். குமாரலிங்கமேனும் அவளை அவளாகக் கண்டானா? எதிரில் நின்று சோறிட்டவளைவிட, கனவில் வந்த இளவரசியே அவனுக்குப் பெரிதாய்த் தோன்றினாள்.